கடாரத்து நெல்

பினாங்குத் துறையின் கதை – 12

2023 செப்டம்பர். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை வாசல். பத்துக் கிலோ அரிசிப் பைகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த அடுக்கில் ஒரு பக்கம் மொட்டையாகக் கிடந்தது. உள்ளூர் வெள்ளை அரிசி இருக்க வேண்டிய இடம் அது. கிலோ 2 ரிங்கிட் 60 சென்னுக்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் விலை கட்டி வைத்திருந்த அரிசி. பக்கத்தில் இறக்குமதி அரிசி தாராளமாக இருந்தது. ஆனால் செப்டம்பர் 1-ஆம் தேதியோடு அதன் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியிருந்தது. "உள்ளூர் அரிசி எப்ப வரும்ணே?" என்று கேட்ட அம்மாவுக்குக் கடைக்காரர் கையை விரித்துக் காட்டினார்.

காரணம் தில்லியில் இருந்தது. ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. பொன்னிச் சோறு இல்லாமல் வயிறு நிறையாது என்கிற நம் வீடுகளையும் அது தொட்டது. தாய்லாந்து, வியட்நாம் அரிசியும் கூடவே விலை ஏறின. ஒரே கடையில் ஒரு அரிசி கட்டுப்பாட்டு விலையிலும் இன்னொன்று ஏறுவிலையிலும் இருந்தால், மலிவு அரிசி எந்தப் பைக்குள் போய் ஒளியும் என்பதை வியாபாரம் தெரிந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்ற பகுதியில் கடற்கரை வீதியின் வங்கிகளையும் ஈயக் கணக்குகளையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த வங்கிகளுக்கு முந்திய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பினாங்கு எதை விற்றுப் பிழைத்தது என்பதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் உண்டு. எதைத் தின்று பிழைத்தது என்பதைக் கேட்டவர்கள் குறைவு.

1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிழக்கிந்தியக் கும்பினிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். காட்டை வெட்ட ஆள் சலித்துக்கொண்டபோது, பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைப் பொறுக்குகிற ஆசையில் காடு தானே வெட்டுப்பட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கதை பினாங்குக்குப் பொருத்தமானது. காசு கொடுத்தால் ஆள் வரும். வரி போடாமல் விட்டால் கப்பல் வரும். இரண்டும் வந்தன. இடையில் சில ஆண்டுகள் வரி போட்டுப் பார்த்ததைத் தவிர்த்தால், ஏறக்குறைய 1969 வரை இது தீர்வையில்லாத் துறைமுகம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து நம் சூலியா வணிகர்கள் துணியோடு வந்தார்கள். லைட் 1794-இல் எழுதி அனுப்பிய கணக்கில், நிலையாகக் குடியிருந்த சூலியாக்கள் ஆயிரம் பேர். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் கப்பலில் வந்து போகிறவர்கள் 1,300 முதல் 2,000 பேர்.

இத்தனை வாய்க்கும் அரிசி எங்கிருந்து வரும்? தீவில் மலையும் காடும்தான் அதிகம். எதிர்க்கரையில் கெடா. நம் கடாரம்! ராஜேந்திர சோழன் 1025-இல் படை அனுப்பி, 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட அதே மண். சோழன் கொண்டது துறைமுகத்தை. பினாங்குக்கு வேண்டியிருந்தது அதன் பின்னால் விரிந்து கிடந்த வயல்.

கெடா சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுத்தது சும்மா அல்ல. சயாம்காரன் படையெடுத்தால் கும்பினி துணைக்கு வர வேண்டும் என்பது அவர் கணக்கு. கும்பினி தீவை எடுத்துக்கொண்டது. துணைக்கு வருகிற பேச்சை மட்டும் இழுத்தடித்துப் பிறகு கைவிட்டது. சுல்தான் எதிர்க்கரைப் பிறையில் படகுகளையும் ஆட்களையும் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு 1791 ஏப்ரலில் பிறைக் கோட்டையைத் தாக்கினார். மே மாதமே ஒப்பந்தம். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி சுல்தானுக்கு. பள்ளிப் புத்தகங்கள் இந்த ஆறாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து உண்டு: பினாங்குக்கும் போர்க்கப்பல்களுக்கும் கும்பினிக் கப்பல்களுக்கும் வேண்டிய உணவுப் பொருள்களைக் கெடாவில் தடையில்லாமல், வரியில்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஷரத்து ஏன் நுழைந்தது என்று யோசித்துப் பாருங்கள். பீரங்கி கும்பினியிடம் இருந்தது. சுல்தானின் கையில் இருந்த ஒரே ஆயுதம், நெல் படகைப் புறப்பட விடாமல் நிறுத்துவது. சண்டையில் ஜெயித்தவன் அந்த ஆயுதத்தைப் பிடுங்கி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டான். 1800-இல் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கோலா மூடாவிலிருந்து கிரியான் ஆற்றுவாய் வரை எதிர்க்கரை நிலத் துண்டும் கும்பினிக்குப் போயிற்று. இன்றைய செபராங் பிறை அதுதான். ஆண்டுப் பணம் 10,000 வெள்ளியாக உயர்ந்தது. உணவு ஷரத்து அதிலும் தவறாமல் இடம்பெற்றது. அந்தப் பத்தாயிரம் மலேசியா பிறந்த பிறகும் நெடுங்காலம் கெடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது தனி வேடிக்கை.

வரியில்லாத வாணிபத்தின் பெருமையை உலகுக்குச் சொல்ல வந்த துறைமுகத்தின் முதல் உணவுக் கொள்கை, பக்கத்து ராஜாவின் கையை முறுக்கி எழுதி வாங்கியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துறைமுகங்களின் இயல்பே அப்படி. காவிரி கடலில் கலக்கிற இடத்தில், சோழநாட்டு நெல்லுக்கு நடுவில் இருந்த பூம்புகாருக்கே ஈழத்திலிருந்து உணவு வந்து இறங்கியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது.

1821-இல் சயாம் படை உண்மையாகவே வந்தது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்கு ஓடி வந்தார். அவரைத் தொடர்ந்து கெடா உழவர்கள் ஆயிரம் ஆயிரமாக ஆற்றைக் கடந்து செபராங் பிறைக்கு வந்து சேர்ந்தார்கள். சில ஆயிரம் பேர் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கு மேல் ஜனம். வந்தவர்கள் தெரிந்த வேலையைச் செய்தார்கள். சதுப்பை வெட்டி வயலாக்கினார்கள். பினாங்குக்குச் சொந்த நெல்வயல் என்று முதன்முதலில் பெரிய அளவில் கிடைத்தது கெடாவின் துயரத்தால்தான்.

அதுவும் போதவில்லை. ஈயமும் கரும்பும் பிறகு ரப்பரும் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தன. கெடாவில் முதலமைச்சர் வான் முகமது சமான் 1885-இல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே ஜெராய் மலைப் பக்கம் வரை சுமார் 36 கிலோமீட்டர். அதன் இரு கரையிலும் புது வயல்கள் திறந்தன. ஆனால் கெடாவின் வரிக் குத்தகைகளை எடுத்திருந்தவர்களில் பலர் பினாங்குச் சீன வணிகர்கள். நெல் கெடாவுடையது, அது வெளியேறுகிற வாசலின் சாவி பினாங்கில் தொங்கியது.

இங்கேதான் நம்மவர்கள் கதைக்குள் முழுசாக வருகிறார்கள், அதுவும் மூன்று வாசல் வழியாக.

முதல் வாசல் பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள். நீளமான கூடம், தரையில் பாய், ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு பெட்டியடி. மேலாள் சாய்மேசை முன் உட்கார்ந்து பேரேடு எழுதுவார்; அடுத்தாள் வசூலுக்குப் போவார். இதே நகரத்தாரின் இன்னும் பெரிய கொடுக்கல் வாங்கல் பர்மாவில் இருந்தது. கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த 1850களில் அங்கே நெல் விளைந்த நிலம் சுமார் 10 லட்சம் ஏக்கர். 1930களில் அது ஒரு கோடி ஏக்கரை எட்டிப் பிடித்தது. காடு வெட்டவும் மாடு வாங்கவும் நடவுக்கும் பர்மிய உழவனுக்குக் கடன் கொடுத்தது லண்டன் வங்கியல்ல, காரைக்குடிப் பக்கத்துப் பெட்டியடி. 1930-இல் பர்மா வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது செட்டியார் கடைகள் 1,650. போட்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

இரண்டாவது வாசல் நாகப்பட்டினம். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து ஆள்கட்டு. முதலில் சஞ்சிக்கூலிகளாக செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு; பிறகு கங்காணி கூட்டி வந்து பால்மரம் வெட்ட. இதில் என்னை எப்போதும் உறுத்துகிற விஷயம் தஞ்சாவூர். தென்னாட்டின் நெற்களஞ்சியம் என்று நாம் மார்தட்டுகிற ஜில்லா. அங்கே நெல் இல்லாமலா ஜனம் கப்பலேறியது? களத்தில் நெல் குவிந்துதான் இருந்தது. அது இலங்கைக்குக் கப்பலேறியும் போனது. அறுத்துக் கட்டிய கைக்கு அதை வாங்கக் காசில்லை. அமர்த்தியா சென் 1981-இல் வறுமையும் பஞ்சமும் பற்றிய தன் நூலில் விளக்கியது இதைத்தான்: தானியம் இருப்பது வேறு, அதைப் பெறுகிற வழி ஒருவனுக்கு இருப்பது வேறு. கீழத்தஞ்சைச் சேரியில் இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது வாசல் சின்னது, ஆனால் மணமானது. தோளில் தண்டு, தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் கறிக் குழம்பு. காவுதடிக்கு மலாயில் 'கண்டார்'. துறைமுகக் கூலிகளுக்குக் காலையில் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் அந்தக் காவடிதான் இன்றைக்கு வரிசையில் நின்று சாப்பிடுகிற நாசி கண்டார். அந்தப் பானைக்குள் இருந்த சோற்றை எண்ணிப் பாருங்கள். நகரத்தார் கடனில் ஐராவதிக் கரையில் நட்டது, ரங்கூன் ஆலையில் அரைத்தது, பினாங்குத் துறையில் இறங்கியது, ராமநாதபுரத்து மனிதர் சமைத்தது, வாங்கித் தின்றவர் சீனரோ தமிழரோ ஒரு மூட்டை தூக்கி. ரப்பர் போன கப்பல்தடத்திலேயே அரிசி வந்தது. 1930களில் மலாயா தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்ததுதான். ஒரு ஏக்கரில் ரப்பர் போட்டால் வருகிற காசுக்கு எத்தனையோ மடங்கு அரிசி வாங்கலாம், பிறகு நெல் எதற்கு என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். அரிசிக்காரன் விற்கிறவரைக்கும்.

விற்க மாட்டேன் என்று அவன் சொன்ன முதல் தடவை 1919. அதற்கு முந்தின ஆண்டு இந்தியாவில் பருவமழை பொய்த்தது; விஷக்காய்ச்சல் வேறு. இந்திய அரசாங்கம் பர்மா அரிசியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, முதலில் இந்தியாவுக்கு என்றது. சயாமும் 1919-இல் ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அரிசி விலை எகிறியது. அரசாங்கம் கூடுதல் விலைக்கு வாங்கிக் குறைத்து விற்று நட்டப்பட்டது. தோட்டங்கள் உணவுப்பயிர் போட்டே ஆக வேண்டும் என்று கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1918-இலேயே சட்டம் வந்திருந்தது. கேழ்வரகும் கிழங்கும் சாப்பிடச் சொல்லி உபதேசம் நடந்தது. 1921-இல் அரிசி மறுபடி வந்தது. உபதேசமும் சட்டமும் மறந்துபோயின.

இரண்டாவது அடி பெருமந்தம். ரப்பர் விலை விழுந்தது. 1930க்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் செட்டியார் கைவசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். நகரத்தார் நிலம் தேடிப் போனவர்கள் இல்லை, வட்டி தேடிப் போனவர்கள். ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவனுக்கு இந்த வித்தியாசம் புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது அடிக்குப் பினாங்கில் தேதி உண்டு. 1941 டிசம்பர் 11. ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு கடைத்தெருவில் விழுந்தது. சில நாளில், இரவோடிரவாக, வெள்ளைக்காரர்கள் மட்டும் படகேறிப் போய்விட்டார்கள். நகரத்தில் போலீஸ் இல்லை, பிணம் எடுக்க ஆள் இல்லை, கடை திறப்பார் இல்லை. அப்போது பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டவர் எம். சரவணமுத்து. இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை அவர்தான் இறக்கினார். எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கொள்ளையை அடக்கவும் நகரத்துக்குச் சோறு கிடைக்கவும் அந்தக் குழுதான் அலைந்தது. இங்கே படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னதும் அவரே. 19-ஆம் தேதி ஜப்பான் படை உள்ளே வந்தது. ஒரு பத்திரிகையாசிரியர் மூன்று நாள் ஊரை ஆண்ட கதை நமக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பிறகு மூன்றரை ஆண்டு. பர்மாவிலிருந்து கப்பல் இல்லை. 1943 அக்டோபர் 18 அன்று ஜப்பான், கெடாவையும் பெர்லிஸையும் கிளந்தானையும் திரங்கானுவையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. வரைபடத்தில் இது ஒரு கோடு. பினாங்குக்காரனுக்கு இது வயிற்றின் குறுக்கே போட்ட கோடு. கடலும் அடைபட்டது, கடாரத்து நெல்லுக்கும் வேறொரு கொடி. பக்கத்து ஊர் அரிசி கள்ளக்கடத்தல் சரக்காயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு மூட்டை மூட்டையாக இருந்தும் வாங்க ஒன்றுமில்லை. புறக்கடையில், மைதானத்தில், சாலையோரத்தில் மரவள்ளி. மரவள்ளியை அவித்தார்கள், மாவாக்கி ரொட்டி சுட்டார்கள், இலையையும் விட்டு வைக்கவில்லை. ஜப்பான்காரன் காலம் கண்ட பாட்டிமார் பலர் பிற்காலத்தில் அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விட மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஆசையாகத் தின்பதை விநோதமாகப் பார்ப்பார்கள். 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து ஜப்பான் நோட்டு செல்லாது என்றான். சேர்த்ததெல்லாம் காகிதம்.

நோட்டு மறுபடி ஒருமுறை காலை வாரியது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அந்த ஜூனில்தான் மலேசியா புது நோட்டு வெளியிட்டிருந்தது. பழைய நோட்டும் புழக்கத்தில் இருந்தது. பழைய நோட்டு பவுண்டோடு சேர்ந்து இறங்கியது. ஒரு வெள்ளி திடீரென்று 85 காசு. வங்கியில் கணக்கு உள்ளவன் தப்பித்தான். தகர டப்பாவில் சேர்த்தவன் மாட்டினான். நவம்பர் 24 அன்று தொழிற்கட்சி பினாங்கில் கடையடைப்புக்கு அழைத்தது. அது கலவரமாகி உயிர்கள் போயின. ஏழையின் 15 காசு இவ்வளவு கொதிக்குமா என்று கேட்பவர்கள், அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் அந்த ஊர் என்ன தின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துறைமுகமும் அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவோடு மூண்ட மோதலில் சுமத்ரா வாணிபம் அறுந்தது. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்தும் போனது. வேலை இல்லாதவர்கள் சுமார் 15 சதவீதம். அந்த ஆண்டுத் தேர்தலில் முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சோங் இயூ, கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தார். பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் வந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்பார்கள்: நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், இன்டெல், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை இங்கேதான். அது எழுந்த இடம் நெல்வயல்.

ஊர்ப்புறப் பெண்கள் சீருடை போட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். மலாய்ப் பெண்களை 'மீனா காரன்' என்று கேலி பேசினார்கள். காரன் என்றால் வேறொன்றுமில்லை, நாம் சொல்கிற கரண்டுதான். நுண்ணோக்கியில் கண் வைத்து எட்டு மணி நேரம் மயிரிழைக் கம்பியை ஒட்டிய அந்தப் பெண்களின் சம்பளம்தான் கெடாவின் எத்தனையோ வீடுகளில் அரிசியும் தம்பியின் பள்ளிச் செலவும்.

வயல் போய் ஆலை வந்த அதே ஆண்டுகளில் கெடாவில் நேர்மாறான வேலை நடந்துகொண்டிருந்தது. உலக வங்கி 1965-இல் 4.5 கோடி டாலர் கடன் கொடுக்க, மூடா, பெடு என்று இரண்டு அணைகள் கட்டி, மலையைக் குடைந்து சுரங்கத்தால் இணைத்து, 1970 முதல் சுமார் 96,000 ஹெக்டேருக்கு இருபோகத் தண்ணீர் விட்டார்கள். நெல் பெருகியது. நட்டவன் பெருகினானா? 1970 கணக்கில் தீபகற்ப மலேசியாவில் ஏழைக் குடும்பங்கள் 49.3 சதவீதம். பினாங்கில் 43.7. கெடாவில் 63.2. தொழில்வாரியாகப் பார்த்தால் நெல் விவசாயிகளில் 88.1 சதவீதம் ஏழைகள். ஊருக்குச் சோறு போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர்!

இருபோகம் வந்ததும் அறுப்புக் கூலி கொஞ்ச காலம் நிமிர்ந்தது. பின்னாலேயே அறுவடை இயந்திரமும் வந்து அந்தக் கூலியைத் தின்றது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் இரண்டு ஆண்டு அந்த வயல்வெளிக் கிராமம் ஒன்றில் தங்கி, இயந்திரம் யாருக்கு நிலம் கொடுத்தது, யார் வேலையைப் பிடுங்கியது, ஏழைகள் எப்படி முணுமுணுத்தும் வேலையை மெதுவாக்கியும் எதிர்த்தார்கள் என்று எழுதினார். 1974-இல் கெடாவின் பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து பசியென்று ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 1980 ஜனவரியில் அலோர் ஸ்டாரில் நெல் விவசாயிகளே தெருவுக்கு வந்தார்கள். நெல்லுக்கான மானியத்தைக் காசாகத் தராமல் கூப்பனாகத் தந்ததற்கு எதிர்ப்பு.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கின் வறுமையைக் குறைத்தது ஆலைதான். கெடாவின் வறுமையைக் குறைத்ததிலும் பாயான் லெப்பாஸுக்குப் பங்கு உண்டு. இதை மறுத்து, எல்லாரும் வயலுக்குத் திரும்புங்கள் என்பவர்கள் ஒருநாளாவது சேற்றில் குனிந்து நாற்று நட்டுப் பார்க்கட்டும். ஆனால் சில்லு விற்று அரிசி வாங்கலாம் என்கிற கணக்கு, ரப்பர் விற்று அரிசி வாங்கலாம் என்ற பழைய கணக்கின் பேரப்பிள்ளை. தாத்தா 1919-இலும் 1943-இலும் எப்படி மாட்டினார் என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரிந்த சிலர் பினாங்கில் இருந்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகரான எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வளர்ந்தது. அவரும் மார்ட்டின் கோரும் சேர்ந்து நடத்திய மூன்றாம் உலக வலையமைப்பு 1984-இல் இங்கேதான் பிறந்தது. காட் (GATT) வர்த்தகப் பேச்சுவார்த்தை ஏழை நாடுகளை மறுபடி காலனியாக்கும் என்று எச்சரித்த சக்கரவர்த்தி ராகவனின் புத்தகம் 1990-இல் வெளிவந்தது பினாங்கிலிருந்து. தடையற்ற வாணிபத்துக்கே பிறந்த ஊரிலிருந்து, உணவை மற்றச் சரக்குபோல் நடத்தாதே என்ற குரல் ஜெனீவா வரை போனது. 1995-இல் உலக வர்த்தக நிறுவனம் வந்தது. 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில், ஏழைகளுக்காக அரசு நெல் வாங்கிச் சேமிப்பதை விதி என்ற பெயரில் தடுக்கக் கூடாது என்று இந்தியா மல்லுக்கு நின்று தற்காலிகப் பாதுகாப்பு வாங்கியது. இந்தக் குரலுக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்கும்.

பத்து ஆண்டு கழித்து அதே இந்தியா, தன் ஜனங்களின் சோற்றுக்காக ஏற்றுமதியை அடைத்தது. உணவுத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சுகிற நாடு தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்த வர்த்தக விதிகளும் இடம் கொடுக்கின்றன. தில்லியின் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயம். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடை வாசலில் நின்ற அம்மாவுக்கு அது எந்த வகை நியாயம்? ஒரு நாட்டின் உணவுப் பாதுகாப்பு இன்னொரு நாட்டின் உலைக்குள் கை விடுகிறபோது யார் பக்கம் பேசுவது என்று மார்ட்டின் கோரிடம் கேட்டிருக்கலாம். அவர் 2020-இல் காலமாகிவிட்டார். இட்ரிஸ் அதற்கு முந்தின ஆண்டே. தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. மலேசியாவில் அரிசி இறக்குமதிக்கு இன்றும் ஒரே கை பெர்னாஸ் நிறுவனம். அந்த உரிமை 2031 வரை.

செபராங் பிறையில் இன்னும் நல்ல வயல் இருக்கிறது. தீவுக்குள் பாலிக் புலாவில் கொஞ்சம் மிச்சம்; சனி ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுக்க வருகிறார்கள்.

இப்போது சண்டை நெல்லுக்கு அல்ல, தண்ணீருக்கு. பினாங்கு குடிப்பதும் சில்லு ஆலைகள் கழுவுவதுமான நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆறு பிறப்பது கெடாவில். அதன் தலைநீரின் ஒரு பகுதிதான் அணை வழியாகக் கடாரத்து வயலுக்குப் போகிறது. மிச்சம் வருகிற தண்ணீருக்குப் பணம் கொடு என்று கெடா கேட்கிறது. ஆறு எங்கள் எல்லையில் ஓடுகிறது, எதற்குக் கொடுக்க வேண்டும் என்கிறது பினாங்கு. 1800 ஒப்பந்தத்தில் எல்லையாக எழுதப்பட்ட கோலா மூடா, அந்த ஆற்றின் வாய்தான். அந்தத் தகராறு அடுத்த பகுதியில்.

(தொடரும்)